செங்கோட்டைச் சாரலில் போன்சாய்: நான் பார்க்கும் யூடியூப் வாத்தியார்கள்

மரத்தைச் சட்டியில் குட்டையாக வளர்க்கிற போன்சாய் கலையில் என் முதல் வாத்தியார் நைஜல் சாண்டர்ஸ். கனடாக்காரர், சேனல் பெயர் 'தி போன்சாய் ஸோன்'. பனிக்காலத்தில் மரங்களை வீட்டுக்குள் விளக்கு போட்டு வைத்திருக்கிறவரிடம் செங்கோட்டைக்காரனுக்கு என்ன பாடம் இருக்கும் என்று கேட்காதீர்கள், அவர் வளர்ப்பதில் நிறைய நம்ம ஆல், இச்சி வகைதான். ஒரே மரத்தை வருடக்கணக்கில் திரும்பத் திரும்பக் காட்டுவார். போன தடவை வெட்டிய கிளையில் எந்தக் கணுவில் துளிர் வந்தது, எது காய்ந்தது, அடி வேர் எந்தப் பக்கம் பெருத்தது என்று சட்டியைத் திருப்பித் திருப்பிக் காட்டுகிற பொறுமை வேறு யாரிடமும் நான் பார்க்கவில்லை.

பழைய வீட்டுச் சுவரில் முளைத்த அரசங்கன்று ஒன்றை வேரோடு பெயர்த்துச் சட்டியில் வைத்திருந்தேன். ஏதோ ஒரு வீடியோவில் கிளையை வளைக்கச் சுற்றுகிற கம்பி ஆறு மாதம் இருக்கலாம் என்று சொன்னதை நம்பி அலுமினியக் கம்பியைச் சுற்றி விட்டுவிட்டேன். அது குளிர்நாட்டுக் கணக்கு. இங்கே சித்திரை மழை இரண்டு விழுந்ததும் கிளை திமுதிமுவென்று பெருத்து, இரண்டே மாதத்தில் கம்பி பட்டைக்குள் புதைந்துவிட்டது. துண்டு துண்டாக நறுக்கி எடுக்கும்போது ஒவ்வொரு வெட்டிலும் பால் வடிந்தது, அந்தச் சுருள் தழும்பு இன்றும் இருக்கிறது. அப்புறம்தான் நைஜல் வழிக்கு வந்தேன். அவர் கம்பியை விடக் கத்தரியை நம்புபவர்: கிளையை ஓடவிடு, நமக்கு வேண்டிய திசையைப் பார்க்கும் கணுவுக்கு மேலே வெட்டு, மறுபடி ஓடவிடு. நம் வெயிலுக்கும் மரம் வளர்கிற வேகத்துக்கும் இதுதான் சரி.

கம்பி கட்டியே ஆகவேண்டும் என்றால் பியோர்ன் பியோர்ஹோம் வீடியோக்களைப் பாருங்கள், ஒசாகாவில் முறையாகப் பயின்றவர், கை வேலையைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம்.

பீட்டர் சான் இங்கிலாந்தில் ஹெரான்ஸ் போன்சாய் பண்ணை வைத்திருப்பவர், செல்சி மலர்க் காட்சியில் பல தங்கப் பதக்கம் வாங்கியவர். நிதானமான ஆங்கிலம், என்னைப் போன்றவர்களுக்கும் புரியும். ரம்பத்தை எடுத்து அவர் பெரிய மரத்தைக் குட்டையாக்குவதைப் பார்த்தால் நமக்கும் தைரியம் வரும். அடிமரம் பருக்க வேண்டுமா, சட்டியில் வைக்காமல் தரையில் நடு என்பது அவரிடம் கற்றது. கிணற்றடியில் நட்ட என் புளி மூன்று வருடத்தில் மணிக்கட்டு அளவு ஆகிவிட்டது. விண்பதியம் போடவும், அதாவது மரத்திலிருக்கும்போதே கிளையில் வேர்விடச் செய்து பிரித்தெடுக்கவும், அவர் வீடியோ போதும்.

ரயன் நீல், சேனல் போன்சாய் மிராய். ஜப்பானில் பெயர்பெற்ற போன்சாய் ஆசான் மசாஹிகோ கிமுராவிடம் ஆறு வருடம் பயின்றவர். அவருடையது பைன், ஜூனிபர் என்ற குளிர்நாட்டு மரங்களின் உலகம், எந்த மாதம் எதைச் செய்வது என்ற அந்தக் கணக்கை இங்கே கொண்டுவந்தால் மரம் போய்விடும். முழுப் பாடங்களுக்குப் பணமும் கட்டணும். ஆனாலும் சட்டிக்குள் தண்ணீரும் காற்றும் சரியாக இருக்கவேண்டும் என்று அவர் விளக்குவதை ஆனி, ஆடியில் ஆரியங்காவு கணவாய் வழியாகச் சாரல் இறங்கும் ஊர்க்காரர்கள் கட்டாயம் கேட்கணும். நாள் முழுக்க ஈரம், தட்டையான சட்டியில் அடியில் தண்ணீர் தேங்கியே நிற்கும். செம்மண்ணை விட்டுவிட்டு, தூள் போகச் சலித்த செங்கல் சில்லும் பருமணலும் கலக்கிறேன். மழை விடாத நாளில் சட்டியின் ஒரு பக்கத்துக்கு அடியில் மரக்கட்டை வைத்துச் சாய்த்துவிடுகிறேன், தேங்கிய நீர் கொஞ்ச நேரத்தில் வடிந்துவிடும். போன சாரலில் ஒரு கன்றுகூட அழுகவில்லை.

மலையாள வீடியோக்களையும் விடாதீர்கள். புனலூர்ப் பக்கத்து மழை நம் மழைதானே, எப்போது சட்டி மாற்றுவது என்பதற்கு அவர்கள் கணக்கு நமக்குப் பொருந்துகிறது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் நைஜலின் ஏதாவது ஒரு இச்சி மரத்தைப் பிடித்துக்கொண்டு, அதன் முதல் வீடியோவிலிருந்து வரிசையாகப் பாருங்கள்.