பழைய குழாய் ஓர்கனைச் செப்பனிடுவதா, மாற்றுவதா?

கொழும்பின் பழைய தேவாலயமொன்றில் குழாய் ஓர்கன் பழுதடைந்தால், சபைக் குழு மூன்று வழிகளைக் குறித்து யோசிக்க வேண்டியிருக்கிறது: பழைய இயந்திர அமைப்பை மாற்றாமல் செப்பனிடுவது, குழாய்களை வைத்துக்கொண்டு விரலால் அழுத்தும் கட்டைகளைக் குழாய்களோடு இணைக்கும் தொடர்பை மட்டும் மின்சாரத்துக்கு மாற்றுவது, அல்லது மின்னணு ஓர்கன் வாங்குவது.

மின்னணு ஓர்கனின் நன்மைகள் வெளிப்படையானவை: விலை குறைவு, சுருதி கலையாது, ஹெட்போன் மாட்டிக்கொண்டு பயிற்சியும் செய்யலாம். ஆனால் 15, 20 ஆண்டுகள் கழித்து அதன் மின்சுற்றுப் பலகை பழுதானால், அதே பலகை சந்தையில் கிடைப்பது அரிது.

குழாய் ஓர்கனின் நிலை வேறு. வெள்ளீயமும் காரீயமும் கலந்து செய்த குழாய்கள் நூறாண்டைத் தாண்டியும் ஒலிக்கும். கெட்டுப்போவது தோலும் மரமுந்தான். துருத்தியின் மடிப்புகளில் ஒட்டிய ஆட்டுத்தோல் சில பத்தாண்டுகளில் வெடித்துவிடுகிறது. குழாய்களுக்குக் காற்றைப் பகிர்ந்தளிக்கும் மரத்தாலான காற்றுப் பெட்டி ஈரக்காற்றில் உப்பினால், கட்டையிலிருந்து விரலை எடுத்த பின்னும் அந்தச் சுரம் ஓயாமல் ஒலிக்கும். கறையான் தொல்லை வேறு. ஞாயிறு ஆராதனைக்கு மட்டும் ஏசியைப் போட்டு மற்ற நாட்களில் அணைத்து வைப்பது, மரத்தைச் சுருங்கவும் உப்பவும் விட்டுப் பெருந்தீங்கு செய்கிறது. 1757இல் அர்ப்பணிக்கப்பட்ட, கொழும்பின் வூல்வெண்டால் ஆலயத்தைப் போன்ற தடித்த சுவர்க் கட்டடத்தில் ஏசி இல்லாமலே வெப்பநிலை பெரிதாக ஏறியிறங்காது. வெப்பம் 1 பாகை செல்சியஸ் கூடினால் சாதாரணக் குழாய்களின் சுருதி அரைச்சுரத்தில் ஏறத்தாழ 100இல் 3 பங்கு உயரும். உள்ளே அதிரும் உலோக நாக்கினால் ஒலிக்கும் நாக்குக் குழாய்களின் சுருதி அவ்வளவு அசையாது. எனவே ஆராதனை வேளையின் வெப்பநிலையிலேயே சுருதி சேர்க்க வேண்டும். சிறு குழாய்களுக்கு உள்ளங்கைச் சூடே போதும், சுருதி மாறிவிடும்.

நடுவழியாகத் தோன்றும் இரண்டாம் வழியை, அதாவது கட்டைத் தொடர்பை மின்சாரத்துக்கு மாற்றுவதை, நான் பரிந்துரைக்கமாட்டேன். கட்டைகள் இலகுவாகும், வாசிக்கும் இடத்தை மாடத்திலிருந்து கீழே கொண்டுவரலாம் என்பவை உண்மைதான். எனினும் கடற்காற்றில் செம்பு பச்சை பூக்கும் ஊரில் நூற்றுக்கணக்கான மின்தொடுமுனைகளைப் பராமரிப்பது எளிதல்ல. பழைய இயந்திர அமைப்பில் கட்டையின் அசைவைக் காற்றுப் பெட்டிக்குக் கடத்தும் இழுகோல் ஒன்று முறிந்தாலோ மொறட்டுவைத் தச்சர் ஒருவர் மாதிரியைப் பார்த்தே செய்து தருவார்.

முதல் வழியான செப்பனிடுதலில் செலவு மிகுதி. ஓர்கன் வல்லுநரை வெளிநாட்டிலிருந்து அழைக்கவும் நேரலாம். ஆனால் வேலையைப் பகுதி பகுதியாகச் செய்ய முடியும். துருத்தியையும் காற்றுப் பெட்டியையும் முதலில் முடித்து, பாமாலைப் பாடலைத் தாங்கும், எழுதிய சுரத்திலேயே ஒலிக்கும் 8 அடிக் குழாய் வரிசைகளை அடுத்து எடுத்துக்கொண்டு, நாக்குக் குழாய்களைப் பணம் சேரும்வரை பெட்டிகளில் பத்திரப்படுத்தலாம்.