ஏலகிரி ரோப் கோர்ஸ்: ஜிப் லைனுக்காக மட்டும் போகாதீர்கள்

ஆம்பூரில் நான் வேலை செய்யும் ஷூ கம்பெனி, சூப்பர்வைசர்கள் எல்லாரையும் ஏலகிரியில் ஒரு முகாமுக்கு ஒருநாள் ரோப் கோர்ஸுக்கு, அதாவது கயிறுகளில் ஏறியும் நடந்தும் குழுவாக விளையாடியும் செய்யும் பயிற்சிக்கு, அனுப்பியது. கம்பியில் தொங்கிக்கொண்டே சறுக்கிப் போகும் ஜிப் லைனில் போட்டோ எடுக்கத்தான் போகிறீர்கள் என்றால் அந்த இடம் சுமார்தான். கூட வேலை பார்ப்பவர்களைப் புரிந்துகொள்ள என்றால் தாராளமாகப் போகலாம்.

முதலில் பாதுகாப்பு. வீட்டில் எல்லாரும் கேட்டது அதைத்தான். இடுப்பிலும் தொடையிலும் ஹார்னெஸ், அதிலிருந்து கொக்கி வைத்த இரண்டு கயிறுகள். ஒன்றைக் கழற்றி அடுத்த கம்பியில் மாட்டிய பிறகுதான் மற்றதைத் தொட வேண்டும்; எப்போதும் ஒன்றாவது மாட்டியே இருக்கும். ஏறுவதற்கு முன் ஒவ்வொருவரின் பக்கிளையும் பயிற்சியாளர் கையால் இழுத்துப் பார்த்தார். நாளெல்லாம் தையலை இழுத்துப் பார்க்கிற எனக்கு அது பிடித்தது. பெண்களுக்கு மாட்டிவிடப் பெண் பயிற்சியாளரே இருந்தார். ஆனால் சேலை கட்டி வரக்கூடாது என்று முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை. பாவம், இரண்டு பேர் மேலே ஏறவே முடியவில்லை. ஹெல்மெட்டில் வியர்வை நாற்றம் வேறு.

காலுக்கு ஒரு கயிறு, கைக்கு இரண்டு கயிறு, அதுதான் பர்மா பாலம். ரிட்டயர்மென்ட் நெருங்கும் கட்டிங் செக்‌ஷன் பாய் சிரித்துக்கொண்டே கடந்தார். மேனேஜர் சார் பாதியில் நின்று, கால் நடுங்க, “இறங்கிடறேன்ப்பா” என்றார். முடியாதவர் இறங்கலாம், யாரும் கேலி செய்யக்கூடாது என்று முதலிலேயே சொல்லியிருந்ததால் ஒருவரும் சிரிக்கவில்லை. “இந்த டார்கெட் முடியாது சார்” என்று அவரிடம் சொல்வது இப்போது கொஞ்சம் சுலபமாக இருக்கிறது.

இதைவிட நல்லது தரையில் நடந்ததுதான். இரண்டு மரங்களுக்கு நடுவே சிலந்தி வலை மாதிரி கயிறு கட்டியிருந்தார்கள். ஒரு ஓட்டையில் ஒருவர்தான் நுழையலாம். கயிறு உடம்பில் பட்டால் எல்லாரும் மறுபடி முதலிலிருந்து. நாங்கள் ஒல்லியானவர்களை முதலில் அனுப்பிவிட்டு, கடைசியில் கனமானவர்களைத் தூக்க ஆளில்லாமல் விழித்தோம். பேக்கிங்கில் இருக்கும் ஒரு பெண், லைனில் வாயே திறக்காதவள், “அக்கா, கனமானவங்களை நடுவுல அனுப்பினா ரெண்டு பக்கமும் பிடிக்க ஆள் இருக்கும்ல” என்றாள். அவ்வளவுதான், அடுத்த முறை முடிந்துவிட்டது. “அவங்க இதை எப்போ யோசிச்சாங்கன்னு கேளுங்க” என்றார் பயிற்சியாளர். முதல் ரவுண்டிலேயே யோசித்திருக்கிறாள். நாங்கள் கத்திய சத்தத்தில் சொல்லவில்லை. இப்போது காலை மீட்டிங்கில் பேக்கிங்கைத்தான் முதலில் பேசவிடுகிறேன். எந்த டிசைனுக்கு அட்டைப்பெட்டி சிறிதாகிறது என்பது அங்கேதான் தெரிகிறது.

இந்த மாதிரிப் பயிற்சி 1941-இல் வேல்ஸில் அபெர்டோவி என்ற ஊரில், போர்க்காலக் கப்பல்களில் போகும் இளைஞர்களுக்காகத் தொடங்கியது என்றும் பயிற்சியாளர் சொல்ல ஆரம்பித்தார். அதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. என் பெரிய குறை இதுதான்: விளையாட்டுக்கு அரை நாள், அதைப் பற்றிப் பேச ஒரு டீ குடிக்கிற நேரம்.

அதனால் அட்வான்ஸ் கட்டும்போதே, ஒவ்வொரு விளையாட்டுக்குப் பிறகும் பேச எவ்வளவு நேரம் தருவீர்கள் என்று கேளுங்கள். பிபி, முட்டிவலி இருந்தால் ஃபாரத்தில் மறைக்காமல் எழுதுங்கள். அப்புறம், மலையேற 14 கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி வருகிறவர்கள் வேனில் முன்சீட்டைப் பிடித்துவிடுங்கள்.