மெழுகுக் கட்டிக்கு ஒரு கையெழுத்து

சித்தப்பாவுக்கு மலக்குடலில் புற்றுநோய், கல்லீரலிலும் பரவியிருக்கிறது என்று தெரிந்ததும் இங்கிலாந்தின் லெஸ்டரிலிருந்து மதுரைக்குக் கிளம்பி வந்தேன்.

முதலில் போன தனியார் மருத்துவமனையில் வேகத்துக்குக் குறைவில்லை. அவசரப் பரிந்துரையிலிருந்து முதல் சிகிச்சை வரை 62 நாள் என்பதுதான் இங்கிலாந்தில் இலக்கு. அதுவே பலருக்குத் தப்பிப்போகிறது. இங்கே காலையில் சி.டி., மாலையில் எம்.ஆர்.ஐ., மறுநாள் பேக்கேஜ் தொகை எழுதிய தாள் கையில். குடலை முதலில் எடுத்துவிடலாம், கல்லீரலை அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். ஏன் அந்த வரிசை என்று சித்தி கேட்டதற்கு, “ரூம் ரெடியா இருக்கும்மா, அட்வான்ஸ் கட்டிடுங்க” என்றுதான் பதில் வந்தது.

வேறு இடத்தில் காட்டலாம் என்று முடிவு செய்தோம். அதற்கு ஸ்லைடும் பிளாக்கும் வேண்டும். பிளாக் என்பது பயாப்ஸியில், அதாவது சோதனைக்காக, எடுத்த சதையைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டி, தீப்பெட்டியை விடச் சின்னது. அதிலிருந்து மெல்லியதாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டியதுதான் ஸ்லைடு. ராஸ் மரபணுச் சோதனையை அதில்தான் செய்வார்கள். அந்த மரபணுவில் மாற்றம் இருந்தால் செடுக்சிமாப் என்ற புற்றுநோய் மருந்து பலிக்காது. லேப் கவுண்ட்டரில் “ஒரிஜினல் தர மாட்டோம், ரிப்போர்ட் போதும்” என்றார்கள். வாதாடியதும் கடிதம் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். சித்தப்பாவின் ஆதார் நகல் கொடுத்தேன். என் ஆதாரைக் கேட்டார்கள், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டைதான் இருக்கிறது என்றதும் எல்லாம் அப்படியே நின்றது. சித்தியை ஆட்டோவில் வரவழைத்துக் கையெழுத்துப் போட வைத்தோம். “சாரும் சைன் போடணும், ரவுண்ட்ஸ்ல இருக்கார்.” சார் ரவுண்ட்ஸ் முடித்தார், சாப்பிடப் போனார், ஓ.பி.யில் உட்கார்ந்தார். தேனியிலிருந்து பஸ் ஏறி வந்த ஓர் அம்மா, மகளின் பிளாக்குக்காக என் பக்கத்து நாற்காலியில் காத்திருந்தார். அவரை நாளைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். லெஸ்டரில் இதையெல்லாம் மருத்துவமனைகளே தங்களுக்குள் அனுப்பிக்கொள்ளும். வீட்டார் அந்தக் கட்டியைக் கண்ணால்கூடப் பார்க்க மாட்டார்கள். சித்தப்பாவின் உடம்பிலிருந்து எடுத்ததை வாங்க நாம் ஏன் கெஞ்சி நிற்க வேண்டும்? விளக்கு வைக்கும் நேரத்தில்தான் பென்சிலில் நம்பர் எழுதிய அந்தக் கட்டி, ஒரு பிரவுன் கவரில் கைக்கு வந்தது.

இரண்டாவது இடத்தில் சர்ஜன், கீமோ மருத்துவர், ஸ்கேன் பார்ப்பவர் மூவரும் கூடிப் பேசிவிட்டுத்தான் எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். வெளியே அவ்வளவு கூட்டம் இருந்தும், சர்ஜன் ஸ்கேன் கவரின் பின்பக்கத்தில் கல்லீரலை வரைந்து சித்தியிடம் பொறுமையாக விளக்கினார். குடல் அடைத்துக்கொண்டால் முதலில் குடலைத்தான் கவனித்தாக வேண்டும். கல்லீரலில் இருப்பது சின்னது என்றால் இரண்டையும் ஒரே ஆபரேஷனில் முடிப்பதும் உண்டு. சித்தப்பாவுக்கு அடைப்பும் இல்லை, ரத்தப்போக்கும் இல்லை. குடலை முதலில் வெட்டித் தையல் கசிந்தால் கீமோ தள்ளிப்போகும், அதற்குள் கல்லீரலில் உள்ளது வளர்ந்துவிடும். உயிருக்கு ஆபத்து அங்கேதான் என்றார். அதனால் முதலில் கீமோ, நடுவில் ஐந்து நாள் கதிர்வீச்சு, அப்புறம் கல்லீரல், கடைசியில் மலக்குடல். கல்லீரலை முதலில் எடுக்கும் இந்த முறையை ஜெனீவாவில் ஜில் மென்தாவின் குழு 2006-இல் வெளியிட்டது.

கீமோவை நீட்டிக்கொண்டே போகவும் கூடாதாம். அதில் உள்ள ஆக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்து கல்லீரலின் நுண்ணிய ரத்தக் குழாய்களைக் கெடுக்கும். கீமோ பட்ட கல்லீரலில் வெட்டியது போக 30 சதவீதமாவது மிஞ்ச வேண்டும். கட்டி ஸ்கேனில் தெரியாத அளவுக்குச் சுருங்கிவிட்டால் எந்த இடத்தை வெட்டுவது என்பதே சிக்கலாகிவிடும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் பல சமயம் நோய் உள்ளேயே இருக்கும் என்றார். லெஸ்டரிலும் இப்படிக் கூடித்தான் முடிவெடுப்பார்கள். ஆனால் வெட்டப் போகிறவரே பேனாவும் கையுமாக இவ்வளவு நேரம் உட்கார்ந்து சொல்லி நான் அங்கே பார்த்ததில்லை. வெளியே வந்ததும் சித்தி முதல் முறையாக அழுதார்கள், கொஞ்சம் தெம்பாகவும் இருந்தார்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஃபோல்ஃபாக்ஸ் என்ற கீமோ ஏறுகிறது. குளிர்ந்த எதையும் தொட்டால் சித்தப்பாவுக்கு விரல்கள் சுரீரென்கின்றன. மதுரை வெயிலிலும் வெந்நீர்தான் குடிக்கிறார். நான்காவது சுற்று முடிந்ததும் ஸ்கேன். சுருங்கியிருந்தால் ஒரு மாதத்துக்குக் குறையாத இடைவெளி விட்டுக் கல்லீரல் ஆபரேஷன். அதற்கு நானும் கூட இருக்க வேண்டும். லீவுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன்.