குளியலறைக் குழாய்க்கு நுரை உறையா, சூடேற்றும் கேபிளா?

டொராண்டோவில் ஜனவரி இரவுகளில் குளிர் மைனஸ் 20 வரை இறங்குவது புதிதல்ல. குளியலறை வெளிச்சுவரை ஒட்டி இருந்தால் நவம்பரிலேயே குழாயைக் கவனித்துவிடுங்கள். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிகிறது. பனிக்கட்டிக்கும் மூடிய டேப்புக்கும் நடுவே சிக்கிய தண்ணீரின் அழுத்தம்தான் பெரும்பாலும் குழாயைப் பிளக்கிறது.

நுரை உறை மலிவு. கத்தியால் வெட்டி நாமே மாட்டிவிடலாம். ஆனால் அது வெப்பத்தை உண்டாக்காது. இருக்கும் வெப்பம் போவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். வீட்டில் ஆள் இருந்து, ஹீட்டரும் ஓடினால் பெரும்பாலும் அதுவே போதும். ஹீட்டரை அணைத்துவிட்டு இரண்டு வாரம் ஊருக்குப் போனால் உறை காப்பாற்றாது.

சூடேற்றும் கேபிள் உண்மையிலேயே வெப்பம் தரும். விலை கூடுதல், கரண்ட் செலவும் உண்டு. குளிருக்கு ஏற்பத் தானே வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் வகையையே வாங்குங்கள். சாதாரண வகையை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றினால் அந்த இடம் சூடேறித் தீப்பிடிக்கலாம். பிளாஸ்டிக் குழாய் என்றால், அதற்கு ஏற்ற கேபிள்தானா என்று பெட்டியில் பாருங்கள். ஈரமான இடம் என்பதால் ஜிஎஃப்சிஐ, அதாவது மின்கசிவு வந்தால் உடனே கரண்டை நிறுத்தும் பாதுகாப்புள்ள பிளக் கட்டாயம்.

அப்புறம், கரண்ட் போனால் கேபிள் வெறும் கயிறு. 2013 டிசம்பரில், விழுந்ததும் பனிக்கட்டியாகும் உறைமழையில் டொராண்டோவில் பல வீடுகள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன.

என்னைக் கேட்டால், எல்லாருக்கும் முதலில் உறை. ஏற்கெனவே ஒருமுறை உறைந்த குழாய்க்கு மட்டும் கேபிள். எதைப் போட்டாலும், வீட்டுத் தண்ணீரை மொத்தமாக நிறுத்தும் மெயின் வால்வு எங்கே என்பதை வீட்டில் எல்லாருக்கும் காட்டி வையுங்கள்.