ஐப்பசியில் ஒரு பகல்: அரிப்பா, கற்சிலைமடுவா?

ஐப்பசியில் ஒருநாள் பயணம் மன்னார்க் கடலோர அரிப்புக்கா, முல்லைத்தீவுப் பக்கக் கற்சிலைமடுவுக்கா என்பதுதான் கேள்வி. வவுனியாவிலிருந்து காலையில் வெளிக்கிட்டு, இருட்டுப்பட முன் திரும்பவேண்டும். பேய்க்கதைக்கு ஏற்ற இடமாகவும் இருக்கவேண்டும். என் தெரிவு அரிப்பு.

மன்னார் பக்கம் மழை குறைவு என்பது ஒரு காரணம். பெரிய காரணம் கடலோரத்தில் இடிந்து நிற்கும் அந்த மாளிகைதான். முத்துக்குளிப்பை மேற்பார்க்க பிரித்தானிய ஆளுநர் பிரெடரிக் நோர்த் 1801–1804 காலத்தில் கட்டுவித்தது. ஊர்ச்சனம் அதை அல்லிராணி கோட்டை என்றே சொல்லும். வெள்ளைக்காரன் கட்டினான் என்றால் யார் கேட்கிறார்கள்! கடல் அடிமண்ணை அரித்து, சுவர்கள் துண்டுதுண்டாக விழுந்துகொண்டிருக்கின்றன. சாந்து உதிர்ந்த இடத்தில் செங்கல் பல்லைக் காட்டுகிறது. விளிம்புக்குப் பிள்ளைகளை விடாதீர்கள். பக்கத்திலேயே சின்னக் கோட்டை ஒன்றும் உண்டு. கண்டி அரசனிடம் சிறையிருந்து தப்பிய ஆங்கிலேயர் ரொபேர்ட் நொக்ஸ் 1679 ஒக்டோபரில் வந்து சேர்ந்தது அங்கேதான்.

கற்சிலைமடு வேறு மாதிரி. மாங்குளம் சந்தியில் திரும்பி, முல்லைத்தீவு வீதியால் போகவேண்டும். 1803 ஒக்டோபர் 31இல் வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் வெள்ளைக்காரரிடம் தோற்ற இடம். அப்போதும் ஆளுநர் அதே நோர்த்தான். வரலாறு பிடித்தவர் போகலாம், ஒட்டுசுட்டானில் தான்தோன்றீஸ்வரரையும் கும்பிடலாம். ஆனால் அந்தப் பக்கம் மாரி பலமாகப் பெய்யும். அதோடு, 2009இல் போரில் உறவுகளைப் பறிகொடுத்த சனத்திடம் போய் "இங்கே பேய் உலாவுமாமே?" என்று கேட்பது சரியில்லை.

அரிப்புக்குத் தண்ணீரும் தொப்பியும் கொண்டுபோங்கள். மாளிகையடியில் நிழல் கிடையாது.