320டியும் ஐயோனிக் 5-உம்: பிக்கப் பற்றிய நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

2019-இல் இந்தியாவுக்கு வந்த தலைமுறையைச் சேர்ந்த பிஎம்டபிள்யூ 320டி டீசல் செடானும், 2023-இல் இங்கே அறிமுகமான ஹூண்டாய் ஐயோனிக் 5 மின்சாரக் காரும் எங்கள் வீட்டில் சேர்ந்தே புழங்கிவருகின்றன. முன்னது சிங்கப்பெருமாள்கோயில் பக்கத்திலும் பின்னது இருங்காட்டுக்கோட்டையிலும் உருவானவை. ஆக, இரண்டுமே சென்னையைச் சுற்றிய ஆலைகளிலிருந்து வெளிவந்தவை. மைலேஜ், பராமரிப்புச் செலவு ஆகியவற்றைப் பலரும் எழுதிவிட்டார்கள் என்பதால், பிக்கப் என்று நாம் சொல்லும் முடுக்கத்தைப் பற்றி மட்டுமே இங்கு எழுதுகிறேன்.

தயாரிப்பாளர்கள் தரும் கணக்கின்படி 320டி நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கி.மீ. வேகத்தை 6.8 விநாடிகளில் எட்டுகிறது. ஐயோனிக் 5-க்கு 7.6 விநாடிகள் ஆகின்றன. டீசலின் திறன் 190 குதிரைத்திறன், முறுக்குவிசை (சுழற்றும் விசை) 400 நியூட்டன் மீட்டர். மின்மோட்டாரின் திறன் 217 குதிரைத்திறன், முறுக்குவிசை 350 நியூட்டன் மீட்டர். மின்சாரக் காருக்குத் திறன் கூடுதலாக இருந்தும் அது பின்தங்குவதற்குக் காரணம் பேட்டரியின் எடைதான்: டீசல் கார் ஒன்றரை டன்னைச் சற்றே தாண்டுகிறது, மின்சாரக் காரோ இரண்டு டன்னை நெருங்குகிறது. இவ்வளவு இருந்தும், இரண்டிலும் என்னோடு பயணம் செய்தவர்கள் அனைவரும் மின்சாரக் கார்தான் வேகம் என்று தயக்கமின்றிச் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது வெறும் பிரமை அல்ல என்பதே என் அனுபவம்.

சென்னையின் ஓஎம்ஆர் சாலையில் யூ டர்ன் எடுத்து எதிர்ப்பக்க ஓட்டத்தில் கலக்கும் தருணத்தை எடுத்துக்கொள்வோம். வண்டி பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து திரும்புகிறது. இடப்பக்கம் ஒரு மாநகரப் பேருந்து வந்துகொண்டிருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு சிறு இடைவெளி கிடைக்கிறது. 320டியில் ஆக்சிலேட்டரை மிதித்ததும் எஞ்சின் சுழற்சி ஏற வேண்டும், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவில் அழுத்தம் சேர வேண்டும், நிமிடத்துக்கு 1,750 சுழற்சியைத் தொட்ட பிறகுதான் அந்த 400 நியூட்டன் மீட்டர் முழுமையாக வந்து சேரும். இதற்கு ஒரு விநாடிகூட ஆகாமல் இருக்கலாம். ஆனால் பேருந்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அந்தத் தாமதம் நன்றாகவே தெரியும். ஐயோனிக் 5-இல் காத்திருப்பு என்பதே இல்லை. கால் அழுந்திய அளவுக்கு வண்டி அப்போதே நகர்ந்துவிடுகிறது. 6.8 விநாடி என்ற அளவை டீசலில் எட்ட வேண்டுமானால் பிரேக்கை மிதித்தபடியே ஆக்சிலேட்டரையும் கொடுத்து டர்போவைத் தயார்நிலையில் வைத்துப் புறப்பட வேண்டும். அன்றாடச் சாலையில் யாரும் அப்படிப் புறப்படுவதில்லை.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகிறது. வளைவிலிருந்து வெளியேறும்போது டீசல் முதலில் சற்றுத் தயங்கி, பிறகு ஒரே மூச்சில் பாய்வதால், அந்தப் பாய்ச்சலை எதிர்பார்த்துக் காலை முன்கூட்டியே அளவாக வைக்கப் பழக வேண்டியிருந்தது. மின்சாரக் காரில் அந்தப் பழக்கமே தேவைப்படவில்லை. இறங்கும்போது ஸ்டீயரிங்குக்குப் பின்னுள்ள பேடில்களால் ரீஜென் (மோட்டாரே வண்டியை மெதுவாக்கி, அந்த ஆற்றலைப் பேட்டரிக்குத் திருப்பும் வசதி) அளவைக் கூட்டிவிட்டால், காலை எடுத்தாலே வேகம் கட்டுக்குள் வந்துவிடுகிறது. பிரேக்கை அரிதாகத்தான் தொட வேண்டியிருக்கிறது.

நெடுஞ்சாலையில் கதை மாறுகிறது. மின்மோட்டார் தன் முழு முறுக்குவிசையையும் ஏறத்தாழ 60 கி.மீ. வேகம் வரைதான் தருகிறது. அதற்கு மேல் திறன் மாறாமல் இருக்க வேகம் மட்டும் கூடுவதால், சக்கரத்துக்குக் கிடைக்கும் இழுவை படிப்படியாகக் குறைந்து, 120-ஐ நெருங்கும்போது தொடக்கத்தில் இருந்ததில் சுமார் பாதியாகிவிடுகிறது. டீசலும் ஒவ்வொரு மேல் கியருக்கும் இழுவையை இழக்கத்தான் செய்கிறது. ஆனால் அதன் எடை குறைவு, எட்டு கியர் பெட்டியும் எஞ்சினை எப்போதும் திறன் மிகுந்த சுழற்சியில் வைத்துக்கொள்கிறது. திருச்சி சாலையில் 80-இல் ஒரு லாரிக்குப் பின்னால் சென்று 100-க்கு ஏறி முந்தும்போது, கியர் இறங்கும் அந்தக் கணத்தைக் கழித்துவிட்டால், 320டியின் இழுப்பு இன்றும் எனக்குப் பெரும் மனநிறைவைத் தருகிறது. பேடிலில் கியரை முன்கூட்டியே இறக்கிவைத்துக்கொண்டால் அந்தக் கணமும் மறைந்துவிடும். எஞ்சினின் ஒலி வேகம் ஏறுவதைக் காதுக்கும் சொல்லிவிடுகிறது. மின்சாரக் காரில் வேகமானியைப் பார்த்தால்தான் எவ்வளவு வேகத்தில் இருக்கிறோம் என்றே தெரிகிறது என்பதை நான் ஒரு குறையாகவே கருதுகிறேன்.

பின்இருக்கையில் அமர்பவர்களின் அனுபவம் வேறு. மின்சாரக் காரை நகரில் கடுமையான ரீஜென் அளவில் ஓட்டினால், முன்னுந்தலும் பின்னிழுப்பும் மாறி மாறி வருவதால் பெரியவர்களுக்குத் தலைசுற்றலும் குமட்டலும் ஏற்படுகின்றன. அவர்கள் உடன் வரும்போது முடுக்கத்தை மென்மையாக்கும் ஈகோ முறையும் குறைந்த ரீஜெனும் வைத்து, காலை மெல்ல எடுக்கப் பழகிக்கொண்டேன்.

காலையில் வண்டியை எடுத்ததும் டீசலை விரட்டக் கூடாது. எண்ணெய் சூடாகும் வரை பொறுக்க வேண்டும். மின்சாரக் காருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, ஆனால் சார்ஜ் மிகவும் அடிமட்டத்துக்கு இறங்கினால் கிடைக்கும் திறன் குறைந்துவிடும். கூடுதல் எடையும் உடனடி முறுக்குவிசையும் சேர்ந்து டயரை விரைவாகத் தேய்ப்பதையும் வாங்குபவர்கள் கணக்கில் கொள்ள வேண்டும்.

இவ்விரண்டு வகைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நினைப்பவர்கள், ஷோரூம் வாசலில் நின்ற நிலையிலிருந்து ஒருமுறை மிதித்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டாம். நான்கு பேர் அமர்ந்து, ஏசி ஓடும் நிலையில், 30-இலிருந்து 70 வரையிலும், பாதுகாப்பான நெடுஞ்சாலையில் 70-இலிருந்து 100 வரையிலும் தனித்தனியே ஓட்டிப் பாருங்கள். நகரத்துக்குள்ளேயே பெரும்பாலும் ஓட்டுபவர் முதல் சோதனைக்கும், வாரந்தோறும் ஊர் செல்பவர் இரண்டாவதற்கும் அதிக மதிப்பளிக்கலாம்.