உறுதி வீடா, பெர்மிற் காணியா: வவுனியா ரவுணுக்குள் நாங்கள் வாங்கின கதை

ஒரே காசுக்கு இரண்டு இடம் வந்தது. ஒன்று வவுனியா ரவுணுக்குள், ஸ்ரேசனுக்கும் பஜாருக்கும் நடுவில், பட்டறைகளும் நகைவேலைக்காரரும் பூட்டிக் கிடக்கிற ஒரு நெல்லு மில்லும் உள்ள ஒழுங்கையில் பழைய ஓட்டு வீடு. வளவு ஒன்றரைப் பரப்புத்தான். மற்றது கிளிநொச்சியில், மச்சான் பார்த்து வைத்த அரை ஏக்கர், எங்கள் கணக்கில் எட்டுப் பரப்பு. எட்டுத் தென்னை, நல்ல கிணறு, இரண்டு அறையோடு புது வீடு. எனக்கும் மனுசிக்கும் ஆசிரியர் வேலை, இரண்டு ஊரிலும் பள்ளிக்கூடம் இருக்கிறது. இழுபறிப்பட்டு ரவுண் வீட்டைத்தான் வாங்கினோம். அதனால் இதை நடுநிலையான அலசல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

காற்று, இடம், அமைதி மூன்றிலும் கிளிநொச்சிக்குத்தான் வெற்றி. கடை, பஸ், ஆஸ்பத்திரி பக்கத்தில் வேண்டுமென்றால் ரவுண். இதைப் பேசி நேரத்தை வீணாக்கத் தேவையில்லை.

ஒழுங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1905இல் வடபகுதி ரயில் பாதை முழுமையாகத் திறந்த பிறகு ஸ்ரேசனைச் சுற்றி வளர்ந்த ரவுண் இது. 1990க்குப் பிறகு ஏறத்தாழ இருபது வருடம் ரயில் வவுனியாவோடு நின்றுவிட்டது. 2011இல் ஓமந்தை, 2013இல் கிளிநொச்சி, 2014இல் யாழ்ப்பாணம் என்று திரும்பவும் மேலே போனது. ரயில் நின்ற காலத்தில் சாமான் எல்லாம் இங்கே இறங்கி லொறி ஏறியது. லொறி நின்ற இடத்தில் ஒட்டு வேலையும் இரும்பு வேலையும் தானே வரும்.

எங்கள் முன்வீட்டுப் பட்டறை அண்ணை இன்றும் மண்வெட்டி அடிக்கிறார். இரும்பு கடையில் வாங்குவதில்லை, பழைய லொறியின் ஸ்பிரிங் பட்டை. அதை அளவுக்கு வெட்டி, கரியில் போட்டு, தோடம்பழ நிறம் வந்ததும் இழுத்து அடிப்பார். துருத்தி போய்ச் சின்ன மோட்டர் காற்றாடி வந்துவிட்டது. சம்மட்டி மட்டும் அதேதான். தண்ணித் தொட்டியில் முக்கும்போது வருகிற அந்தச் "சுர்ர்" என்ற சத்தத்தை வைத்தே பதம் சொல்லுவார். "கூடக் காஞ்சா கல்லில பட்டவுடன் பல்லுப் போயிடும் சேர்." பெரும்போகத்துக்கு முன்னம், புரட்டாதி ஐப்பசியில், காலை ஆறு மணிக்கே தொடங்கிவிடுவார். நித்திரை பிரியர் யாரும் இந்த ஒழுங்கைப் பக்கம் வரவேண்டாம். எனக்கு இரண்டு கிழமையில் பழகிவிட்டது, மனுசிக்கு இன்னும் பழகவில்லை.

ஓட்டுக் கூரை கோடையில் சொர்க்கம். கிளிநொச்சி வீட்டின் சீற் கூரைக்குக் கீழே பங்குனி வெயிலில் பத்து நிமிடம் இருந்தேன், போதும் என்றாகிவிட்டது. ஆனால் ஓட்டுக்குக் குரங்கு எதிரி. மூன்று பாய்ந்தால் இரண்டு ஓடு விலகும், ஒன்று உடையும். அதே அளவில் ஓடு தேடி, பழைய வீடு இடிக்கிற இடமாகப் பார்த்துத் திரிய வேண்டும். முதல் மாரிக்கே அறுபது ஓடு மாற்றினேன். ஒரேயொரு மாரிதான் பார்த்திருக்கிறேன், ஆகவே வருடச் செலவு இவ்வளவு என்று சொல்லத் துணிவில்லை.

இனி முடிவைத் தீர்மானித்த விசயம். ஓடுமில்லை, சத்தமுமில்லை, கடதாசி.

கிளிநொச்சி 1936இல் குடியேற்றத் திட்டமாகத் தொடங்கின ஊர். அங்கே நல்ல காணி என்று காட்டுகிறவற்றில் நிறைய, காணிக் கச்சேரி (காணி கொடுக்க ஆள் தெரிகிற விசாரணை) வைத்துப் பகிர்ந்து கொடுத்த அரச காணி. கையில் உறுதி இராது, காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் (1935இன் 19ஆம் இலக்கம்) கீழ் வந்த பெர்மிற், அதாவது அனுமதிப் பத்திரம், இருக்கும். கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தால் அது, நிபந்தனையோடு சொந்தமாக்கித் தருகிற அளிப்புப் பத்திரமாக மாறியிருக்கும். பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் கைமாறினால் அந்தக் கைமாற்றம் செல்லாது. குறித்த அளவுக்குக் கீழே துண்டாடவும் விடமாட்டார்கள். உழுது விதைத்துப் பரம்பரையாக இருப்பவருக்கு இதில் பாதுகாப்பு உண்டு, கடன் கொடுத்தவன் காணியைச் சும்மா எழுதி வாங்க முடியாது. சட்டத்தின் நோக்கமே அதுதான். வெளியிலிருந்து காசோடு போகிறவனுக்குத்தான் சிக்கல்.

காணிக்காரர் நல்ல மனுசன். தேத்தண்ணி தந்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, முத்திரை ஒட்டி, ஜே.பி. (சமாதான நீதவான்) முன்னால எழுதித் தாறன். இஞ்ச எல்லாரும் இப்பிடித்தான் வாங்கி இருக்கினம்." உண்மைதான், பலர் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் கடிதம் எந்த வங்கியிலும் எடுபடாது. அவருக்குப் பிறகு அவருடைய பிள்ளை வந்து நின்றால் என் கையில் என்ன இருக்கும்?

எங்களுக்கு இரண்டும் பெட்டையள். பெர்மிற் காணியில், தனக்குப் பிறகு யாருக்கு என்று பின்னுரித்தாளர் பெயர் போடாமல் ஒருவர் இறந்தால், பிள்ளைகளில் ஆண்பிள்ளைக்கே முதலிடம் என்று இருந்த ஒழுங்கை அந்தச் சட்டத்தின் 2022 திருத்தம்தான் மாற்றியது. அந்தக் குறை போய்விட்டது, சரி. ஆனாலும் நாளைக்கு மூத்தவளுக்குச் சீதன உறுதி எழுதவோ, சின்னவளுக்குப் பாதி நன்கொடை எழுதவோ ஒரு நொத்தாரிசு போதாது. ரவுண் வீட்டில் போதும்.

உறுதி என்றவுடன் பால் குடித்த மாதிரி என்று நினைக்காதீர்கள். அந்த வீட்டுக்கு உரித்தாளர் ஐந்து பேர். இரண்டு பேர் இங்கே, மற்றவர்கள் கனடா, பாரிஸ், லண்டன். பங்கு பிரியாத காணி. வடபகுதித் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையில் பங்காளிக்கு முன்வாங்கும் உரிமை இருக்கிறது, அதற்கென்று 1947இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. ஆகவே ஒருவர்கூடத் தப்பாமல் எல்லாரும் ஒப்பமிட்டாக வேண்டும். வெளியில் இருந்த மூவரிடமிருந்தும் அற்றோணித் தத்துவம் (தங்களுக்காக ஒப்பமிட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) வரவேண்டும். கனடாவும் லண்டனும் ஒரு மாதத்தில் வந்தது. பாரிஸ் அக்கா நாலு மாதம் எடுத்தா. காசுக்காக இல்லை, தகப்பன் கட்டின வீடு என்று ஒப்பமிட மனம் வரவில்லையாம். சட்டத்தரணி முப்பது வருடத் தோம்பு (காணிப் பதிவேடு) பார்த்து, சேவையர் கயிறு பிடித்தபோது பக்கத்து மதில் ஒன்றரை அடி எங்கள் வளவுக்குள் நின்றது. அதை அப்படியே விட்டு வரைபடத்தைத் திருத்தினோம். அயலோடு பகைத்து ஒழுங்கைக்குள் இருக்க ஏலாது.

மொத்தம் ஏழு மாதம். அந்த அலைச்சல் ஒரு தடவைதான். பெர்மிற் காணியில் ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். திருப்பி விற்கிற நேரம் என்ன விலை போகும் என்பது விற்றுப் பார்த்தால்தான் தெரியும். பம்பைமடு வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாக மாறின பிறகு வாடகைக்குக் கேட்கிற பிள்ளைகள் கூடியிருக்கிறார்கள். பின்பக்க அறை ஒரு நாளும் வெறுமையாக இருந்ததில்லை.

பரம்பரையாக அங்கேயே கமம் செய்கிற குடும்பம், அல்லது அளிப்புப் பத்திரமும் செயலாளரின் சம்மதமும் கையில் வைத்துக்கொண்டு விற்கிறவர் கிடைத்தால் கிளிநொச்சியை வாங்குங்கள். அந்தக் கிணத்துத் தண்ணியின் ருசி இன்னும் வாயில் நிற்கிறது.

ஒன்று மட்டும் வாங்கின பிறகுதான் தெரிந்தது. பட்டறை நிற்கிற துண்டுக்கு உறுதியுமில்லை, பெர்மிற்றுமில்லை. அரச காணி, பட்டறை அண்ணையின் தகப்பன் காலத்தில் கொட்டில் போட்டது. போன கிழமை ஒரு திணைக்களத்திலிருந்து வந்த சிங்களக் கடிதத்தை, கரிக்கை படாமல் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வந்தார். "என்ன எழுதியிருக்கெண்டு ஒருக்காப் பாருங்கோ சேர்." எனக்கும் வாசிக்கத் தெரியாது. மனுசியின் பள்ளிக்கூடத்துச் சிங்கள ரீச்சரிடம் கொடுத்துவிட்டிருக்கிறோம். இன்று காலையும் ஆறு மணிக்குச் சம்மட்டிச் சத்தம் கேட்டது.